பிடித்திருந்த கையும் கண்மாய் மண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த தன்னம்பிக்கைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பயம் என்பது மனம் கட்டிவிடும் கதை, கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டால் அது ஓடிப்போகும், ரிஸ்க் எடுக்காதவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள் என்று அதில் இருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். பயத்தைத் தாண்டினால் வாழ்க்கை விரியும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என் வாழ்க்கையே அப்படி விரிந்ததுதான். ஆனால் தாண்டுவதற்கு அவர் சொன்ன வழி என் அனுபவத்தோடு ஒட்டவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 61. புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் பக்கம் ஒரு சின்ன ஊர். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். என் ஆத்தா கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். எங்கள் தெருவில் அப்போது அது பெரிய படிப்பு.

1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. இளம் வாசகர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்: கைநாட்டு வைக்கிறவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் இயக்கம். இரவில் வகுப்பு, அரிக்கேன் விளக்கு, சிலேட்டு. பத்தாவது படித்திருந்ததால் என்னையும் தொண்டராகச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. எனக்கு அப்போது 27 வயது, நாலு வயதில் ஒரு மகன். எங்கள் ஊரில் ஒரு மையம், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று, அதற்கும் அப்பால் குவாரி ஓரத்துக் குடிசைகளில் ஒன்று. மூன்றையும் சுற்றி வர வேண்டும். நடந்து போய்த் திரும்பினால் இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். துணைக்கு ஓர் ஆம்பிளை வேண்டும். வீட்டுக்காரர் கொத்து வேலை முடித்துக் களைத்து வந்து படுத்திருப்பார். எழுப்ப எனக்கே மனசு வராது. நான் போகாத நாளில் குவாரி ஓரத்தில் பதினைந்து பெண்கள் சிலேட்டோடு காத்திருந்துவிட்டுத் தூங்கப் போவார்கள்.

அப்போது எங்கள் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பெண் தொண்டர்கள் சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய யோசனை. எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்து இயக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. இதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத் தோன்றும். அன்றைக்கு எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டும் பெண் ஒருத்திகூட இல்லை. யார் கேரியரில் உட்கார்ந்து போனாள் என்பதே பேச்சாகும் ஊர் அது.

பயம் என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒன்றாக இருக்கவில்லை. விழுந்து கை ஒடிந்தால் மறுநாள் யார் சோறு பொங்குவது என்பது ஒரு பயம். சேலை செயினில் மாட்டி நடுத்தெருவில் விலகினால் என்ன ஆவது என்பது வேறொரு பயம், முன்னதைவிடப் பெரியது. டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள், "கலெக்டரம்மா சொல்லிட்டாங்கன்னு இதுகளும் கெளம்பிருச்சுக" என்று என் காது கேட்கும்படியே பேசினார்கள். மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது. இதில் எதையும் என் மனம் கட்டிவிடவில்லை. எல்லாமே நடக்கக்கூடியவை. பாதி நடக்கவும் செய்தது.

முதலில் எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தது என் தம்பி. மணிக்கு ஒரு ரூபாய் வாடகை சைக்கிள், பார் வைத்த ஆம்பிளை சைக்கிள். அவன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். "பிடிச்சிருக்கேன்க்கா, பிடிச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே கையை விட்டுவிட்டான். கொஞ்ச தூரம் போயிருப்பேன். குரல் தூரத்தில் கேட்கவும் திரும்பிப் பார்த்தேன். அவன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியே கருவேலஞ்செடிக்குள் போய் விழுந்தேன். உள்ளங்கையில் ஏறிய முள்ளை ஆத்தா ஊசியால் எடுத்தார், சிராய்ப்புக்கு மஞ்சள் அரைத்துப் போட்டார். இரண்டு நாளில் வலி போய்விட்டது. ஆனால் மூன்று வாரம் சைக்கிள் பக்கமே நான் போகவில்லை. தெரியாமல் கையை விட்டால்தான் பழகுவார்கள் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். தம்பியும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் அது தப்பு. பயந்தவளுக்கு மிச்சமிருப்பது பின்னால் இருக்கும் கையின் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டால் அவளிடம் என்ன இருக்கிறது?

என்னை ஓட்ட வைத்தவர் குவாரியில் வேலை பார்த்த ஓர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என் இரவு வகுப்பில் எழுத்துப் படிக்க வந்தவர், அதாவது எனக்கு மாணவி. அவர் ஒரே வாரத்தில் சைக்கிள் பழகிவிட்டார். சம்மட்டி பிடித்துப் பிடித்து உரமேறிய கை அவருக்கு. "எனக்கு அ போட நீ கையப் பிடிச்சுக் காட்டுனேல்ல, இப்ப நான் பிடிக்கிறேன், வாத்தா" என்று கூப்பிட்டார்.

தை மாதம். எங்கள் கண்மாயின் மேட்டுப் பக்கம் வற்றி, வண்டல் காய்ந்து கிடந்தது. நிலா வெளிச்சத்தில் அங்கே போவோம். முதல் மூன்று நாள் அவர் என்னைச் சைக்கிளில் ஏறவே விடவில்லை. பிடித்துக்கொண்டு நட என்றார். திருப்பு, நிறுத்து, ஸ்டாண்டு போடு, எடு, மறுபடி நட. "புதுசா வாங்குன மாட்ட அன்னைக்கே ஏருல பூட்டுவமா? ரெண்டு நாளு கூட நடக்க வேணாமா?" என்பார். நாலாம் நாள் ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலால் உந்தி உந்தி அரைப் பெடல். அப்புறம் அவர் செய்த ஒரு காரியத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. விழக் கற்றுக்கொடுத்தார். ஹேண்டில்பாரை விட்டுவிடு, சைக்கிள் போனால் போகட்டும், நீ இந்தப் பக்கம் சாய்ந்துகொள் என்று சொல்லி, வேண்டுமென்றே இரண்டு முறை விழ வைத்தார். வண்டல் மெத்தென்று இருந்தது. முழங்கையில் மண் ஒட்டியது, அவ்வளவுதான். மூன்று வாரமாக நான் நினைத்து நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த விஷயம் இதுதானா என்று மண்ணில் உட்கார்ந்தபடியே யோசித்தது நினைவிருக்கிறது.

சொல்லாமல் கையை எடுக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பின்னால் ஓடி வந்துகொண்டே, "இப்ப கைய எடுக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று பிடித்துக்கொண்டே வந்தார். அடுத்த சுற்றில் மறுபடி கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றேன். அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் கோபப்படவில்லை. மூன்றாவது சுற்றில் நானே சொன்னேன்: "எடுங்கக்கா." எடுத்தார். கண்மாய்க் கரை வரைக்கும் தனியாகப் போனேன். திரும்பத் தெரியாமல் கரையில் முட்டித்தான் நின்றேன். ஆனால் விழவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கண்மாயில் நான் மட்டும் இல்லை. பன்னிரண்டு பேர் இருந்தோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்து எழுந்து, யார் வீட்டில் என்ன குழம்பு என்று பேசிக்கொண்டு பழகினோம். ஒருத்தி ஓட்டினால் ஊர் பேசும். பன்னிரண்டு பேர் ஓட்டினால், பேசுகிறவர் வீட்டுப் பெண்ணும் அதில் இருப்பாள். எங்கள் டீக்கடைப் பேச்சு நின்றது அப்படித்தான். யாருடைய வீரத்துக்கும் பயந்து நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருடைய தங்கச்சி எங்களோடு சேர்ந்த மறுநாளே நின்றுவிட்டது.

1992 மார்ச் 8, உலக மகளிர் தினம், ஞாயிற்றுக்கிழமை. ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் போனோம். அத்தனை மணிச் சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம் நின்று பார்த்தது. எனக்கு முன்னால் போனது குவாரி அக்கா. அவருடைய பின்கொசுவத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இடது பக்கமோ வலது பக்கமோ பார்க்கத் தைரியம் இல்லை. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. பயத்தோடுதான் ஓட்டினேன். நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், குவாரி ஓரத்து வகுப்புக்குப் போகும் வழியில், நாளைக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டுகிறேன் என்பதைக் கவனித்தேன். பயம் எந்த நாளில் இறங்கிப் போனது என்று எனக்கே தெரியாது.

அந்தச் சமயம் மாவட்டத்தில் பெண்கள் சைக்கிளுக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது. கிடைக்காதவர்கள் பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். சைக்கிள் வாங்க வங்கிகளில் கடன் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார். அவர் எழுதியது இந்தியில் பெயர்க்கப்பட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே இருந்தது. வடக்கே பிள்ளைகள் எங்கள் கதையைப் படித்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய அப்பத்தாக்கள் செய்த காரியம் அவர்களுக்கே தெரியாது. இது எனக்கு மன வருத்தம்தான்.

சைக்கிளால் என் வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்டால், முதலில் சொல்வது வேலை. சத்துணவு அமைப்பாளர் பணியிடம் காலியாக இருந்தது ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளியில். காலையில் அந்த வழியில் பஸ் கிடையாது. சைக்கிள் தெரியாவிட்டால் நான் மனுவே போட்டிருக்க மாட்டேன். போட்டேன், கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் மகன் பாலிடெக்னிக் படித்தான்.

அடுத்தது என் ஆத்தா. ஒரு நாள் அவருக்குக் கடுமையான காய்ச்சல். கேரியரில் உட்கார வைத்து அன்னவாசல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "ஆத்தி, வேணாம், வேணாம்" என்று ஏறியவர், இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். காய்ச்சல் சூடு ஜாக்கெட்டைத் தாண்டி முதுகில் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கக் கல் உடைத்தவர், என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தார் என்று எதிரே வந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது, வேண்டாம் என்று பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான்கு எழுத்துப் பெயரை எழுத நேரம் பிடித்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள்.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்போது ஏன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக யுனிசெப் 50 மொபெட் கொடுத்தது. அதில் ஒன்றை ஓட்டிப் பழகிப் பாருங்கள் என்று என்னிடமும் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். என்ஜின் வைத்த வண்டி, அது நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் பிடித்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. குவாரி அக்காவுக்கு அப்போது காச நோய், படுத்துவிட்டார். அவர் இருந்திருந்தால் ஓட்டியிருப்பேன் என்று முப்பது ஆண்டுக்கு மேல் நினைத்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் பார்வையைத் தொட்டுவிட்டது. மொபெட்டில் ஊரெல்லாம் சுற்றியவர் வாசலில் உட்கார்ந்துவிட்டார். மாதம் இரண்டு முறை புதுக்கோட்டைக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது எங்களுக்குப் பெரிய உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர். அவர் தட்டுத் தடுமாறி நடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் தன் ஸ்கூட்டியில் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுகிறாள். ஒரு நாள் சாயங்காலம் அந்த ஸ்கூட்டி வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கத்துக்கிறீங்களா அத்தை?" என்று மருமகள்தான் கேட்டாள்.

அடிவயிற்றில் அதே பிசைவு. 27 வயதில் இருந்தது அப்படியே 61 வயதிலும் வந்தது. ஆனால் இந்தத் தடவை அந்தப் பிசைவை எனக்கு அடையாளம் தெரிந்தது. மருமகளை உட்கார வைத்துக் கண்மாய்க் கதை முழுக்கச் சொன்னேன். சொல்லாமல் கையை எடுக்கக் கூடாது என்றேன். என்ஜினை ஆஃப் செய்துவிட்டு மூன்று நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அப்புறம் ஆன் செய்து, இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு. பிரேக் பிடிக்க மட்டும் இரண்டு நாள். வலது கையில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி பாய்கிறதே, அதுதான் சைக்கிளில் இல்லாத விஷயம். பயந்தால் கை தானாக இறுகும், இறுகினால் வண்டி இன்னும் பாயும். பயம் வந்தவுடன் கையைத் தளர்த்த வேண்டும் என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நாற்பது வயது தாண்டியதால் எல்.எல்.ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் பொறுத்துத் தேர்வு. தரையில் 8 வரைந்திருப்பார்கள், கால் ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். முதல் தடவை இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன். அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். இளம் பிள்ளைகள் எல்லாம் நிற்கும் வரிசையில் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வரும்போது கண் கலங்கியது உண்மை. அந்த வாரம் முழுக்க வாசலில் கோலப்பொடியால் 8 போட்டுச் சுற்றினேன். வண்டிக்கு முன்னால் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள் என்று மருமகள் சொன்னதுதான் கை கொடுத்தது. இரண்டாவது தடவை கிடைத்துவிட்டது. இப்போது வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்து நான்தான் கூட்டிப்போகிறேன்.

இதையெல்லாம் என் பெருமைக்காக எழுதவில்லை. என்னைத் துணிச்சல்காரி என்று யாராவது சொன்னால் அது தப்பு. எனக்குக் காய்ந்த கண்மாய் கிடைத்தது, பொறுமையான ஒரு கை கிடைத்தது, கூட விழப் பதினோரு பேர் கிடைத்தார்கள், ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொள்ள மேலே ஒரு கலெக்டர் இருந்தார். எங்கள் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். அவரைவிடத் துணிந்தவர் யார்? ஆனால் அவருக்கும் படிக்க வைக்க நினைத்த ஓர் அப்பா இருந்தார், எதிர்ப்பு வந்தும் அனுமதி கொடுத்த மகாராஜா இருந்தார். திரை போட்டாவது வகுப்பில் உட்கார ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து அவர் தாண்டியதெல்லாம் அவருடைய சொந்தத் துணிவு. இடமே இல்லாமல் எத்தனை முத்துலட்சுமிகள் எங்கள் தெருக்களில் முடங்கிப் போனார்களோ, யார் கணக்கு வைத்தார்கள்?

கட்டுரையில் எனக்குக் கோபம் வந்த ஓர் இடமும் உண்டு. எல்லா ரிஸ்க்கையும் ஒரே மாதிரி புகழ்ந்திருந்தார். எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன், துணிந்தவனுக்குத்தான் பணம் என்று போனில் யாரோ பேசியதைக் கேட்டு, பங்குச் சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே கணித்துப் பணம் கட்டும் எஃப் அண்ட் ஓ என்கிறார்களே, அதில் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைப் போட்டான். எல்லாம் போய்விட்டது. இப்போது வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் அந்த வணிகம் செய்த தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக இருந்தது. அந்தப் பையனுக்குப் பயம் இருந்தது, என்னிடமே சொல்லியிருக்கிறான். அந்தப் பயம் அவனுக்கு நல்லது சொல்லியிருக்கிறது, அதைக் கோழைத்தனம் என்று சொல்லி வாயடைத்துவிட்டார்கள். விழுந்தால் எந்த மண்ணில் விழுவோம் என்று பார்க்காமல் ஒருவரைத் தள்ளிவிடுவது தன்னம்பிக்கை கொடுப்பதாகாது.

ஆகவே உங்கள் நாளிதழ் மூலம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் வயது 18 முதல் 40 வரைக்கும்தான் என்றார்கள். கணவருக்கு உடம்பு முடியாமல் போவதும், பிள்ளைகள் வெளியூர் போவதும், ஒரு பெண் தனியாக ஓட வேண்டி வருவதும் பெரும்பாலும் நாற்பதுக்கு மேல்தான். பழகும் இடத்தைப் பற்றி எந்தத் திட்டத்திலும் பேச்சே இல்லை. ஓட்டுநர் பள்ளிகள் டவுனில் இருக்கின்றன. எங்கள் ரோட்டில் நாள் முழுக்க ஜல்லி லாரியும் டிப்பரும் ஓடுகின்றன. அதில் போய் எந்தப் பெண் 50 வயதில் பழகுவாள்? ஒவ்வோர் ஊரிலும் அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. சனி, ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதைப் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் வண்டி ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தொகை கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். ஒன்றியத்துக்கு இரண்டு பழைய ஸ்கூட்டர் போதும். 1991-ல் முடிந்தது இப்போது முடியாதா?

அரசு செய்யும் வரை நாங்கள் காத்திருக்கவில்லை. எங்கள் ஊர்த் தலைமை ஆசிரியர் மனசு வைத்து, சனிக்கிழமை மட்டும் மைதானத்துச் சாவியை என்னிடம் தருகிறார். மருமகளின் ஸ்கூட்டிதான் வண்டி. நான்கு பேர் வருகிறார்கள். இரண்டு பேர் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் காலைத் தூக்குவதும் ஊன்றுவதுமாக இருக்கிறார். நான்காமவருக்கு 54 வயது, ரேஷன் கடைக்குப் பக்கத்தில் பூ விற்கிறார். இன்னும் ஏறவே இல்லை. மூன்று வாரமாக என்ஜினை ஆஃப் செய்த வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருகிறார். போன சனிக்கிழமை, "நீங்க எப்ப கைய எடுப்பீங்க?" என்று கேட்டார். நீங்கள் சொல்லும்போது என்றேன். சரி என்று இன்னொரு சுற்று தள்ளிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
அன்னவாசல் அருகில், புதுக்கோட்டை மாவட்டம்.